தைராய்டு ஆபரேஷன்: வீட்டுக்கு அனுப்பும்போது தமிழில் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் சமீபத்தில் தைராய்டு நோய்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நோய் எப்படி வருகிறது, என்ன பரிசோதனை, என்ன மருந்து என்றெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். கடைசியில், தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்துவிடலாம், அதற்குப் பிறகு தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு இயல்பாக வாழலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எழுதியது தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் அடங்கிய காலம் எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நீண்டது. அதில் என்னென்ன வரும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. என்னைப் போல இன்னும் எத்தனையோ பெண்கள் கழுத்தில் கட்டோடு பஸ் ஏறி ஊருக்குத் திரும்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ராஜபாளையத்தில் தையல் வேலை செய்கிறேன். மொத்த வியாபாரிகளுக்கு நைட்டி, அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை. வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்க்கிறார். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள்.

எனக்கு வந்தது கிரேவ்ஸ் என்ற நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தூண்டிவிட்டு அளவுக்கு மேல் சுரக்கவைப்பது. முதலில் கை நடுக்கம்தான் தெரிந்தது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி ஊசிக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் விரல் ஆடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுத்தான் மிஷினுக்கு நூல் போட்டுக்கொள்வேன். ராத்திரி படுத்தால் நெஞ்சு அடிக்கிற சத்தம் தலையணையில் கேட்கும். மார்கழியிலும் வியர்க்கும். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனேன். என் ரவிக்கையை நானே மாதத்துக்கு மாதம் பிடித்துத் தைத்தேன். சர்க்கரை இருக்கும் என்றார்கள், பார்த்தால் இல்லை. அப்புறம் நரம்புத் தளர்ச்சி என்றார்கள். டென்ஷன் என்று தூக்க மாத்திரை கொடுத்தவரும் உண்டு. கண் பட்டுவிட்டது என்று மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார்.

ஒரு பெண் மருத்துவர்தான் என்னை வெளிச்சத்தைப் பார்த்து உட்காரச் சொல்லி, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார். விழுங்கும்போது கழுத்தில் ஒரு மேடு ஏறி இறங்கியது. அன்றைக்கே ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடியிலிருந்து வரும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் ரத்தத்தில் பொதுவாக 0.4-லிருந்து 4 வரை இருக்க வேண்டுமாம். எனக்கு 0.01-க்கும் கீழே. சுரப்பி அதிகமாகச் சுரந்தால் இந்த எண் குறையும், குறைவாகச் சுரந்தால் இது ஏறும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வாய் தண்ணீரில் தெரிந்துபோன விஷயத்துக்கு அதற்கு முன்னால் எவ்வளவு பணம், எவ்வளவு நாள்!

பிறகு கார்பிமசோல் மாத்திரை, படபடப்புக்கு ப்ரோப்ரனலால். ஒன்றரை வருஷம் சாப்பிட்டதும் சரியாகி, மாத்திரையை நிறுத்தினார்கள். கொஞ்ச காலத்தில் திரும்ப வந்தது. இந்த மாத்திரையை நிறுத்தியவர்களில் பாதிப் பேருக்கு அப்படித் திரும்ப வருவது உண்டு என்று மருத்துவர் சொன்னார். மறுபடி அதே மாத்திரை. கார்பிமசோல் சாப்பிடுகிறவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்துவிடக் கூடாது. சிலருக்கு இந்த மருந்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களை அடியோடு குறைத்துவிடும். உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். என் மருத்துவர் இதை முதல் நாளே சொன்னார். அதற்காக அவருக்கு என்றைக்கும் நன்றி சொல்வேன்.

வருஷம் போகப் போகக் கழுத்து வீங்கியது. கண்கள் முன்னால் தள்ளி, தூங்கும்போது இமை முழுதாக மூடாமல் காலையில் எரியும். கதிரியக்க அயோடின் கொடுத்துச் சுரப்பியை அடக்குவது ஒரு வழி. ஆனால் என் கண் இருக்கும் நிலையில் அது கண் கோளாறை அதிகமாக்கலாம், கழுத்து வீக்கமும் பெரிதாக இருக்கிறது, அதனால் ஆபரேஷன்தான் நல்லது என்று முடிவு செய்தார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் செலவு நடந்தது. அந்த அட்டை இல்லாவிட்டால் எங்கள் குடும்பம் மிஷினை விற்றிருக்கும்.

மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே கத்தி பிடித்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆபரேஷனுக்கு முன்னால் சுரப்பின் வேகத்தை மருந்தால் முழுக்க இறக்கிவைத்தார்கள். அப்படிச் செய்யாமல் கை வைத்தால் காய்ச்சலும் படபடப்பும் ஒரேயடியாக ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம். கடைசி நாட்களில் லூகால் அயோடின் என்ற பழுப்புநிறச் சொட்டு மருந்தைச் சாத்துக்குடிச் சாற்றில் விட்டுக் கொடுத்தார்கள். வாயெல்லாம் இரும்பு வாடை அடிக்கும். சுரப்பிக்குப் போகிற ரத்த ஓட்டத்தை அது குறைக்கும், ஆபரேஷனில் ரத்தப் போக்கு குறையும் என்று நர்ஸ் சொன்னார். மயக்கம் தெளிந்ததும் மருத்துவர் என் முகத்துக்கு நேரே குனிந்து, "ஈ... என்று சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். காற்றுதான் அதிகம் வந்தது, ஆனாலும் சத்தம் வந்தது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் தைரியம் வந்தது. குரலுக்கான நரம்பு சுரப்பிக்குப் பின்னால் ஒட்டியபடி ஓடுகிறது, அது தப்பித்ததா என்று பார்க்கத்தான் அந்த 'ஈ' என்பது பிறகு தெரிந்தது.

இதுவரை எல்லாம் நல்லபடி. இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் உதட்டைச் சுற்றி மதமதப்பாக இருந்தது. அப்புறம் விரல் நுனிகளில் சுருக்சுருக்கென்று குத்தல். தையல்காரிக்கு விரல் மரத்துப்போவது புதிதில்லையே என்று நினைத்தோம். ஆபரேஷன் செய்த உடம்பு, அசதி, வாய்வு என்று நாத்தனார் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். அன்போடு செய்ததுதான், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரவு எட்டு மணி இருக்கும், டம்ளரைப் பிடித்த வலது கை தானாக மடங்கியது. நான்கு விரல்களும் நீட்டினபடி ஒன்றாக ஒட்டிக்கொள்ள, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் மடங்கிக்கொண்டது. இன்னொரு கையால் பிரித்தாலும் பிரியவில்லை. வலிப்பு வந்துவிட்டது என்று வீட்டில் அழ ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் இரும்புச் சாவியைக் கையில் வைக்கச் சொன்னார்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். மகன் ஓடிப்போய் அவரைக் கூட்டி வந்தான். என் கழுத்துக் கட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் லேசாகத் தட்டினார். என் மேலுதடு ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. "கால்சியம் இறங்கிடுச்சு. ஆட்டோவைக் கூப்பிடுங்க, பேச நேரமில்லை" என்றார். அரசு ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. மாட்டிவிட்டு, கால்சிய ஊசியை நரம்பில் மெதுவாக, ரொம்ப மெதுவாக ஏற்றினார்கள். உடம்பு முழுக்கச் சூடு பரவியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் நானே டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்தேன்.

தைராய்டுக்குப் பின்புறம் அரிசி மணி அளவில் பொதுவாக நான்கு குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வது அவைதான். முழுத் தைராய்டை எடுக்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் அவற்றுக்குப் போகும் ரத்தம் குறையலாம், கொஞ்ச நாள் அவை வேலை செய்யாமல் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. பல வருஷம் சுரப்பி அதிகமாக இருந்தவர்களுக்கு எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்துகொண்டே இருந்திருக்கும். ஆபரேஷன் ஆனதும் எலும்பு அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் குறையும். எனவே முதல் சில நாட்களில் கால்சியம் இறங்குவது யாரும் எதிர்பாராத விபத்து இல்லை. தைராய்டை முழுதாக எடுத்தவர்களில் நிறையப் பேருக்கு வருவது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், மிகச் சிலருக்கே நிரந்தரமாக நிற்கும். தெரிந்திருந்தால் உதடு மதமதத்த சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். தெரியாததால் கை முறுக்கி, வீடே அழுது, ராத்திரியில் ஆட்டோ தேடினோம். அந்த நர்ஸ் அக்கா அன்றைக்கு ஊரில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. கால்சியம் ரொம்ப இறங்கினால் மூச்சுக்குழல் இறுகலாம், வலிப்பு வரலாம், இதயத் துடிப்பு தப்பலாம்.

இதில் எனக்கு மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பக்கத்தில் இது எழுதியிருந்தது. கை, வாயைச் சுற்றி மதமதப்பு வந்தால் உடனே வரவும் என்று ஒரே ஒரு வரி, ஆங்கிலத்தில். அதை யாரும் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் காப்பீட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குவது, படுக்கையைக் காலி செய்வது, மாத்திரைச் சீட்டு கொடுப்பது எல்லாம் ஒரே மூச்சில் நடந்தது. வெளியே அடுத்த நோயாளி பையோடு நின்றுகொண்டிருந்தார். நர்ஸ்களின் வேலைப் பளு எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்தேன். ஆனாலும் சொல்கிறேன்: உயிர் சம்பந்தப்பட்ட வரியை நோயாளிக்குப் புரியாத மொழியில் கொடுப்பது, கொடுக்காததற்குச் சமம்.

மாத்திரை விஷயமும் இப்படித்தான். தைராய்டு இல்லாதவர்களுக்கு, அந்தச் சுரப்பி சுரக்க வேண்டியதை ஈடுகட்டும் லெவோதைராக்ஸின் மாத்திரை உயிர்நாடி. வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காபி டீ குடிப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். கால்சியம் மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக் கூடாது, குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராமலே வெளியேறிவிடும். ஆனால் ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கு இந்த இரண்டையும்தானே எழுதிக் கொடுக்கிறார்கள்? மருந்துக் கடைக்காரர் இரண்டு அட்டையிலும் 'காலை' என்று பேனாவால் எழுதி ஒரே கவரில் போட்டுத் தருகிறார். மறுபரிசோதனைக்குப் போன இடத்தில் விருதுநகர் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவைப் பார்த்தேன். மாதக்கணக்காக இரண்டையும் சேர்த்து காபியோடு விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். டி.எஸ்.எச். இறங்கவே இல்லை, மாத்திரை அளவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். முகமெல்லாம் வீங்கி, பேச்சு இழுத்து இழுத்து வந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவருக்கு யாரும் சொல்லவுமில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்த நான் சொன்னபோது கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் குரல் போகவில்லை, ஆனால் களைத்துப்போகும். காலையில் சரியாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் கம்மிவிடும். தெருவில் போகிற காய்க்காரரைக் கூப்பிட முடியாது. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் எங்கள் தெருவில் என் குரல்தான் முன்னால் நிற்கும். மேல் சுருதிக்குப் போனால் இப்போது உடைகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாண் இரண்டும் அசைகின்றன, சில மாதங்களில் தேறும் என்றார். தேறித்தான் வருகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கம்மியே இருந்தால் காத்திருக்காமல் இப்படி ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. ஆசிரியைகள், கண்டக்டர்கள், கடையில் கூவி விற்பவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

கழுத்துத் தழும்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தழும்பு பெரிய விஷயமில்லை. கழுத்து மடிப்போடு போட்ட வெட்டு, நாளாக ஆக மங்குகிறது. முதலில் கஷ்டப்படுத்தியது தாலிக் கயிறுதான். மஞ்சள் பூசிய கயிறு சரியாக வெட்டின இடத்தின் மேலேயே உரசும், வியர்வை பட்டு எரியும். கழற்றக் கூடாது என்று வீட்டில் ஒரு பக்கம், புண்ணில் எதுவும் படக் கூடாது என்று நர்ஸ் ஒரு பக்கம். கயிற்றை நீளமாக்கி, கழுத்தைச் சுற்றி மெல்லிய மல் துணியில் ஒரு பட்டை தைத்துப் போட்டுக்கொண்டேன், சரியாகிவிட்டது. அதே மாதிரி சில பட்டைகள் தைத்து மறுபரிசோதனைக்குப் போகும்போது அங்கிருந்த பெண்களுக்கும் கொடுத்தேன். பட்டை தைக்கும்போது ஒன்று தோன்றியது. எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்து நாடெங்கும் அனுப்புகிறார்கள். என் கழுத்தில் ஒட்டியிருந்த துணியும் அங்கே நெய்ததாக இருந்திருக்கலாம்.

குனிந்தே தைக்கிற வேலை என்பதால் கழுத்து இறுகிவிட்டது. மெதுவாக இரு பக்கமும் திருப்பும் பயிற்சியை மருத்துவர் அனுமதித்த பிறகு தினமும் செய்கிறேன். மிஷினில் உட்கார்ந்தால் நடுவில் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் கை நடுங்கவில்லை. இப்போது ஊசியில் நூலை நானே கோர்க்கிறேன். இதை எழுதும்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

சரி, உடம்பில் அதிகமாகச் சுரந்த காலம் போய், ஒன்றுமே சுரக்காத காலம் வருகிறது. மாத்திரை அளவு பொருந்துகிற வரைக்கும் உடம்பு படுகிற பாடு தனி. எனக்கு 100 மைக்ரோகிராமில் ஆரம்பித்து, 125-க்கு ஏற்றி, பிறகு 112-க்கு இறக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் மாற்றிய பிறகு ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். இந்த மருந்து பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதனால் ரத்தத்தில் ஒரு நிலைக்கு வர அவ்வளவு காலம் பிடிக்கிறது. அந்த வாரங்களில் பகலெல்லாம் தூக்கம், குளிர், மலச்சிக்கல், தலை சீவினால் சீப்பில் கொத்தாக முடி, காரணமில்லாமல் அழுகை. முன்பு பிடித்துத் தைத்த ரவிக்கைகளையெல்லாம் இப்போது பிரித்துவிட்டேன். நோய் இருந்த காலத்தில் நான் ராத்திரி இரண்டு மணி வரை தைப்பேன், தூக்கமே வராது. வீட்டில் எல்லோரும் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டார்கள். அது நோயின் வேகம், என் வேகம் இல்லை. அது யாருக்கும் புரியவில்லை. "கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்ன படுத்துக்கிடக்கிறே" என்பதுதான் எனக்கு அதிகம் கேட்கக் கிடைத்த வார்த்தை. அதைச் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆபரேஷன் என்றால் அன்றோடு நோய் தீர்ந்தது என்று நம்புகிறார்கள். எனவே நோயாளியை மட்டுமில்லை, வீட்டாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லி அனுப்ப வேண்டும்.

இதைப் பற்றி மகனிடம் புலம்பியபோது அவன் ஒன்று படித்துச் சொன்னான். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். கழுத்துக் கழலை ஆபரேஷனில் நிறையப் பேர் செத்துக்கொண்டிருந்த காலத்தில், ரத்தப் போக்கில்லாமல் சுரப்பியை எடுக்கக் கற்றவர். 1883-இல், தான் ஆபரேஷன் செய்து அனுப்பிய பழைய நோயாளிகளைத் திரும்ப வரச்சொல்லிப் பார்த்தாராம். முழுச் சுரப்பியையும் எடுத்தவர்களில் பலர் முகம் வீங்கி, புத்தி மந்தமாகி, சுறுசுறுப்பெல்லாம் போய் இருந்தார்கள். அதுவரை தைராய்டு எதற்கு இருக்கிறது என்பதே மருத்துவர்களுக்குத் தெளிவாகத் தெரியாது. அவர் அதை மறைக்காமல் எழுதினார், இனி முழுதாக எடுப்பதில்லை என்று நிறுத்திக்கொண்டார். 1891-இல் இங்கிலாந்தில் மர்ரே என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றி இப்படிப்பட்ட ஒரு பெண்ணைத் தேற்றினார். நான் தினமும் விழுங்கும் மாத்திரைக்கு மூலம் அதுதான். கோக்கருக்கு 1909-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர் கைத்திறமைக்கு மட்டும் கிடைத்ததல்ல அது என்று நான் நினைக்கிறேன். தையல் போட்டு அனுப்பிய ஆள் பிறகு எப்படி இருக்கிறார் என்று கூப்பிட்டுப் பார்த்தாரே, அதனால்தானே தைராய்டின் வேலை என்ன என்று உலகத்துக்குத் தெரிந்தது! நம் ஊரிலும் அந்தக் கூப்பிட்டுப் பார்ப்பது வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் இல்லை.

தைராய்டு ஆபரேஷன் செய்யும் எல்லா மருத்துவமனைகளிலும், அரசோ தனியாரோ, வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு தாள் தமிழில், பெரிய எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் போதாது, நோயாளிக்கும் வீட்டில் கூட இருக்கப்போகிறவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழுத்து திடீரென்று வீங்கி மூச்சு முட்டினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பது முதலில் இருக்கட்டும், உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படி ஆகும். உதடு, விரல் மதமதப்பு வந்தால் என்ன செய்வது, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, ரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில், எந்த எண்ணுக்குப் போன் செய்வது, இவ்வளவுதான். கல்யாணமாகிப் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு ஒரு வரி கூடுதலாக: கர்ப்பம் என்று தெரிந்த உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மாத்திரை அளவை ஏற்ற வேண்டியிருக்கும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. இது வயிற்றுக் குழந்தையின் மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது.

முதல் வாரத்துக்குள் யாராவது ஒரு தடவை போன் செய்து கேட்டால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. நாங்கள் அதற்குப் போன் செய்வது போல, அங்கிருந்து எங்களுக்கு ஒரு போன் வரட்டும். "விரல் மரக்கிறதா, உதடு மரக்கிறதா" என்று கேட்க இரண்டு நிமிஷம் போதும்.

அடுத்தது மாத்திரை. லெவோதைராக்ஸின், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற மருந்து. எங்கள் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் கேட்டால் ஒரு மாதம் இருக்கிறது, ஒரு மாதம் எனக்கு எழுதிய அளவு இல்லை. இல்லாத மாதம் கடையில் வாங்கிவிடுகிறேன். விலை அதிகமில்லை என்பார்கள். ஆனால் கூலி வேலைக்குப் போகிற பெண் தன் மருந்தைத்தான் கடைசியில் வாங்குவாள், அதுதான் நம் வீடுகளின் வழக்கம். தைராய்டு இல்லாத உடம்பு அந்த மாத்திரை இல்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த விருதுநகர் அம்மாவின் முகத்தில் பார்த்தேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. என் மாமியாருக்கு எங்கள் வாசலில் கொண்டுவந்து தருகிறார்கள், மனதாரப் பாராட்டுகிறேன். சுரப்பியை எடுத்தவர்களின் பெயரையும் அந்த நோட்டில் எழுதிக்கொண்டு, அதே பையில் தைராய்டு பாட்டிலையும் வைத்துக்கொண்டு வந்தால் என்ன? ஆயுள் முழுக்க ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரைதானே இதுவும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மே 25 உலக தைராய்டு தினம். அன்றைக்கு உங்கள் மருத்துவப் பக்கத்தில் நான் மேலே சொன்ன அந்த ஒரு தாளை, ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்து, கட்டம் கட்டி வெளியிடுங்கள். வெட்டி எடுத்து மருந்து டப்பா மூடியில் ஒட்டிவைக்கிற அளவில் இருந்தால் நல்லது. மாத்திரை நேரம் எழுத அதில் கொஞ்சம் இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல் தொழிலாளி,
ராஜபாளையம்.